ஆட்டம் எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பதினைந்து இருபது வயதைத் தாண்டிய கார் ஒன்று நிற்கிறதா? அடுத்த முறை அதன் முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, மட்கார்டின் அடியில் சற்று எட்டிப் பாருங்கள். சேறு படிந்த இரும்புக் கம்பிகள், ஒரு பெரிய சுருள்வில், அதன் நடுவே ஒரு குழாய், ஆங்காங்கே கறுப்பு ரப்பர் உறைகள் ஆகியவை தெரியும். காரின் விலையில் இவற்றின் பங்கு சிறிதுதான். ஆனால், வண்டி நாம் நினைத்த திசையில் போவதும் போகாததும் இவற்றின் கையில் இருக்கிறது.

இந்த உறுப்புகள் தேய்ந்துபோனால் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதில் நம் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. "பழைய வண்டிதானே, முன்பக்கம் முழுவதையும் செட்டாக மாற்றிவிடு" என்பது ஒன்று. "ஓடுகிற வரை ஓடட்டும், சத்தம்தானே வருகிறது" என்பது மற்றொன்று. இரண்டிலும் நான் சேரவில்லை. எல்லாரும் இதைக் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற கேள்வியாகவே பார்க்கிறார்கள். என் கருத்தில், பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த எவரும் சோதனை செய்து விடை காணத்தக்க கேள்வி இது. மாணவ நண்பர்களே, அதை வாதாடத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் 1998ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அதே சிறிய கார்தான். வாரத்தில் இரண்டு நாள் பாட்டியைப் புதுச்சேரிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கு அந்த வண்டியைத்தான் அவர் நம்பியிருக்கிறார். சென்ற ஆண்டு அது இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. சிறு குழியில் இறங்கினால் "டொக்" என்றொரு சத்தம். வேகம் கூடினால் எங்கிருந்தோ ஓர் "உய்ங்". இடது முன்டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகிவிட்டது.

ஒரு பட்டறையில் காட்டினார். "ஷாக் அப்சார்பர் போய்விட்டது" என்று இரண்டு முன் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார்கள். வண்டி முன்போலவே இடப்பக்கம் இழுத்தது. மறுபடி போனபோது, இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு டை ராடு எண்டு, ஸ்டீயரிங் பெட்டி, எல்லா ரப்பர் புஷ்களும் என்று நீண்ட பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால், அந்த வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல் வந்தது. சித்தப்பா அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "ஏம்ப்பா, நீ இயற்பியல் வாத்தியார்தானே, இதுல எது நிசம்னு சொல்லேன்" என்றார். அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செஞ்சி சாலையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டிய ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாத்தாங்களா சார்?"

யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

நான்கு உள்ளங்கைகள்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாருதி 800இன் எடை ஏறத்தாழ 650 கிலோ. நான்கு பேர் ஏறினால் 900 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 225 கிலோ. டயரினுள் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.8 கிலோ என்றால், தரையைத் தொடும் பரப்பு 225ஐ 1.8ஆல் வகுக்க வருவது, அதாவது 125 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையை விரல்களோடு தரையில் பதித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். முன்சக்கரங்களின் மீது பாரம் சற்று அதிகம் என்பதால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனாலும், நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் பாட்டி புதுச்சேரிக்குப் போகிறார்.

அந்த உள்ளங்கைகளைத் தரையில் சரியாக அழுத்திவைப்பது சஸ்பென்ஷன். சரியான திசையில் திருப்பிவைப்பது ஸ்டீயரிங். நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது ஒரு பல்சக்கரம் சுழன்று, பற்கள் வெட்டிய ஒரு தண்டை இடமோ வலமோ நகர்த்துகிறது. தண்டின் இரு முனைகளிலும் டை ராடு என்னும் கம்பிகள் உள்ளன. அவற்றின் நுனியில் இருப்பது டை ராடு எண்டு. கிண்ணத்துக்குள் உருண்டை பொருந்திய மூட்டு அது. நம் இடுப்பில் தொடையெலும்பு பொருந்தியிருக்கும் பந்துக்கிண்ண மூட்டு போன்றதுதான். சக்கரத்தைத் தாங்கும் இரும்பைக் கீழே பிடித்துக்கொள்ளும் லோயர் ஆர்மின் நுனியிலும் இதே வகை மூட்டு ஒன்று உண்டு. அதற்குப் பால் ஜாயிண்ட் என்று பெயர். லோயர் ஆர்ம் காரின் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள். மேலே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கின்றன. ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த அமைப்பு இது. 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்று, பிறகு உலகமெங்கும் சிறு கார்களுக்குப் பொதுவாகிவிட்டது.

உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வளைவில் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற அறிவு காரைவிட மிகவும் பழையது. மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் ஒருவரின் சார்பில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே குதிரை வண்டிக்காக இதை யோசித்தவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா! இது நம் பேச்சுக்கு நேரடியாகத் தேவையில்லை. தெரிந்தபின் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். டை ராடு எண்டினுள் உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் "ஆட்டம் இருக்கு" அல்லது "பிளே இருக்கு" என்கிறார்கள். அந்த மூட்டு சக்கரத்தின் திருப்பு அச்சிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சக்கரம் 0.5/100, அதாவது 0.005 ரேடியன் தன்னிச்சையாகத் திரும்பிக்கொள்ளும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 20 மீட்டர். சக்கரம் காட்டும் திசையிலேயே வண்டி போவதாக எளிமையாகக் கொண்டாலும், ஒரு நொடியில் 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். நீங்கள் வளையத்தை அசைக்கவே இல்லை. மேடு பள்ளம் அசைத்துவிட்டது. எதிரே லாரி வரும் இருவழிச் சாலையில் இது சிறிய தொலைவு அன்று.

கையால் கேட்கும் கேள்விகள்

பெரியவர் அன்று செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். அதற்குமுன் ஒரு கண்டிப்பான சொல்: ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரின் அடியிலும் தலையை நுழைக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கிய பிறகு உறுதியான ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கிவைத்த பின்பே எதையும் தொட வேண்டும். அதுவும் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால், அவர் முதலில் ஜாக்கியை எடுக்கவில்லை. காற்றழுத்தம் பார்த்தார். இடது முன்டயரில் குறைவாக இருந்தது. அழுத்தம் குறைந்த டயர் அதிகம் நசுங்கி அதிகம் பின்னிழுக்கும். வண்டி அந்தப் பக்கமே சாயும். காற்றை நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். இழுப்பு குறைந்தது, ஆனால் போகவில்லை. பிறகு இரண்டு முன்டயர்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டார். குறை டயரில் இருந்தால் இப்போது வண்டி வலப்பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை, பழையபடி இடப்பக்கமே இழுத்தது. ஆகவே டயர் குற்றவாளி அன்று. செலவு எதுவும் இல்லை, கால்மணி நேரம்தான். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்து விளைவைக் கவனிப்பது என்று உங்கள் ஆய்வகத்தில் சொல்லித் தருகிறோமே, அதை எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒருவர் சாலையோரத்தில் எனக்குச் செய்து காட்டினார்.

அதன் பின்பே முன்பக்கத்தைத் தூக்கினார். வலது சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டினார். "டக் டக்" என்று ஆடியது. இந்த ஆட்டம் இரண்டு இடங்களில் பிறக்கலாம்: சக்கரத்தின் பேரிங், அல்லது பால் ஜாயிண்ட். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "தம்பி, உள்ள உக்காந்து பிரேக்க அமுக்குங்க" என்று என் சித்தப்பா மகனிடம் சொன்னார். அமுக்கியதும் ஆட்டம் நின்றுவிட்டது! பிரேக் பிடித்தபோது சுழலும் பாகமும் அதைத் தாங்கும் பாகமும் ஒன்றாக இறுகிவிட்டன. பேரிங்கினுள் இருந்த ஆட்டம் மறைந்துவிட்டது. பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் பிரேக் அமுக்கினாலும் ஆட்டம் தொடர்ந்திருக்கும். எனவே அது பேரிங். "உய்ங்" சத்தமும் இதனோடு பொருந்தியது. இடப்பக்கம் வளையும்போது அந்தச் சத்தம் கூடியதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். இடப்பக்கம் வளைந்தால் பாரம் வலது சக்கரத்துக்குத்தானே போகும்?

அடுத்து இடது சக்கரம். 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்டினார். மிகச் சிறிய ஆட்டம் இருப்பதுபோல் தோன்றியது. டயரின் விளிம்பு திருப்பு அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. மூட்டோ 10 சென்டிமீட்டர். ஆகவே மூட்டில் உள்ள அரை மில்லிமீட்டர், விளிம்பில் ஒன்றேகால் மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். மூட்டை ஆட்டாமல் டயரை ஆட்டுவதன் காரணம் இதுவே. உறுதி செய்ய வண்டியைத் தரையில் இறக்கி, இன்னொருவரை வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்கச் சொல்லி, தாம் மூட்டின் மீது விரலை வைத்தார். கம்பி அசைந்து, ஒரு கணம் கழித்தே சக்கரத்தின் கை அசைந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாமதம் விரல் நுனிக்கு நன்றாகவே தெரிந்தது. வலப்பக்க மூட்டில் அப்படி எதுவும் இல்லை. பல்தண்டிலும் இல்லை.

பிறகு ஒரு நீண்ட லீவரால் லோயர் ஆர்ம்களை நெம்பினார். வலது புஷ்ஷின் மேல்தோலில் முதுமைக் கோடுகள் இருந்தன. ஆனால் உள்ளே ரப்பர் முழுதாக இருந்தது. இடது புஷ் பாதிக்கு மேல் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்தது. அந்தச் சக்கரம் தரையின் இழுப்பில் பின்னோக்கிப் போய்க் கோணம் மாறியதே இழுப்புக்கும் "டொக்" சத்தத்துக்கும் காரணம் என்றார்.

பால் ஜாயிண்டைச் சோதிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பட்டறைகளிலேயே பலர் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மாருதி போன்ற வண்டிகளில் வில்லின் பாரம் கீழ் மூட்டின் வழியாகப் போவதில்லை. ஆகவே காரின் உடலைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். வில்லின் விசையை லோயர் ஆர்ம் தாங்கும் கார்களில் நிலைமை வேறு. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. முறுக்கப்படும் ஒரு நீண்ட எஃகுத் தண்டுதான் வில்லாக வேலை செய்கிறது. உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் வில்லின் விசை மூட்டை ஒரு பக்கமாக இறுக்கிவிடும்; தேய்ந்த மூட்டும் புதிது போல நடிக்கும்! அங்கே ஜாக்கியை லோயர் ஆர்மின் கீழ் கொடுத்து அந்த விசையை நீக்கிவிட்டுத்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும். கேள்வியை எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது.

ஷாக் அப்சார்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரின் மூலையை அமுக்கி விட்டுவிடுவார்கள்; ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது, இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் கெட்டுவிட்டது என்பார்கள். இது பாதி உண்மை. கார் உடல் வில்லின் மீது நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் நம் கை எழுப்புகிறது. ஆனால் சக்கரம் தனியாகத் துள்ளுவது நொடிக்குப் பத்து முறைக்கு மேல். அவ்வளவு வேகமாக எந்தக் கையாலும் அமுக்க முடியாது. ஆகவே இந்தச் சோதனையில் தோற்றது கெட்டது என்று சொல்லலாம். தேறியது நல்லது என்று சொல்ல முடியாது. உடலில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருந்தால் டயரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழிகள் தட்டுப்படும். சக்கரத்தின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் இப்படிக் குழி விழும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எதில் சிக்கனம், எதில் கூடாது

இனி என் கருத்து. எல்லா உறுப்புகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஓர் உறுப்பு சாலையில் முறிந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக் கார் உட்கார்ந்துவிடும். டை ராடு எண்டு கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. இவை இரண்டிலும் அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். மாதக் கடைசி என்ற பேச்சே கூடாது. ரப்பர் உறை மட்டும் கிழிந்து ஆட்டம் இல்லாமல் இருந்தாலும் நான் மாற்றவே சொல்வேன். கிழிந்த உறை வழியாக மணல் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும். மணலும் கிரீஸும் கலந்த சாந்து இரும்பைத் தேய்க்கும் பொடிக்குச் சமம். வளைந்துபோன டை ராடை உலையில் காய்ச்சி நிமிர்த்திப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது சிக்கனம் அன்று. காய்ச்சிய எஃகின் பழைய உறுதி திரும்பி வந்ததா என்பதை அங்கே யாரும் அளப்பதில்லை.

புஷ்கள் வேறு வகை. அவை பெரும்பாலும் மெல்ல மெல்லச் சாகும். டயரைத் தின்னும், சத்தம் போடும், எச்சரிக்கை தரும். மேல்தோல் வெடிப்புக்காக மட்டும் மாற்றத் தேவையில்லை. ஸ்டெபிலைசர் பாரின் புஷ் பல கார்களில் சத்தத்தோடு நின்றுவிடும். ஆனால் பல சிறு கார்களில் அந்தப் பாரே லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. அங்கே அதை அலட்சியம் செய்ய முடியாது. உங்கள் வண்டி எந்த வகை என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். "ஒன்றொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்க வேண்டுமே" என்கிறார்கள். உண்மைதான். தூணை முழுவதும் கழற்றிய பிறகு, அதன் உச்சியில் உள்ள தேய்ந்த ரப்பர் மவுண்டைப் பழையபடி போட்டு மூடுவது அறிவீனம். ஷாக் அப்சார்பர்களையும் வில்களையும் ஓர் அச்சுக்கு இரண்டாக, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆனால் டை ராடு எண்டுக்கும் பால் ஜாயிண்டுக்கும் பேரிங்குக்கும் அப்படி ஒரு ஜோடிக் கட்டாயம் இல்லை. தேய்ந்ததை மாற்றினால் போதும். "செட்" என்ற சொல்லுக்குள் இந்த வேறுபாடு எல்லாம் காணாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம். முழு செட்டையும் குறைந்த விலையில் முடிக்கவேண்டி, தரமறியாத மலிவுச் சரக்கைப் போடுவதும் நடக்கிறது. நல்ல பழைய உறுப்பைக் கழற்றிவிட்டு மட்டமான புதியதைப் போட்டால், பணம் கொடுத்து ஆபத்தை வாங்கியதாக ஆகும்.

வரிசையும் முக்கியம். வீல் அலைன்மெண்ட் என்பது கடைசி வேலை. தேய்ந்த மூட்டுகளோடு அலைன்மெண்ட் செய்வது, ஆடுகிற மேசையில் வைத்த தராசில் நிறுப்பது போன்றது. ஆனால் டை ராடு எண்டை மாற்றியபின் அதைச் செய்யாமலும் விடக்கூடாது. ஏன் என்று கணக்குப் பாருங்கள். அரை மீட்டர் விட்டமுள்ள டயர்கள் இரண்டும் முன்னால் பார்ப்பதற்கும் பின்னால் பார்ப்பதற்கும் 3 மில்லிமீட்டர் தவறாக இருக்கின்றன என்று கொள்வோம். மொத்தக் கோணம் 3/500. ஒரு சக்கரத்தின் பங்கு 0.003 ரேடியன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் 3 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் 30 கிலோமீட்டர்! திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிப் பாதையில் பெரும்பகுதித் தொலைவுக்கு டயரைக் குறுக்காக உரசிக்கொண்டே போனதற்குச் சமம். உள்விளிம்பு வழுக்கையானதில் வியப்பென்ன?

பெரியவர் இடது டை ராடு எண்டு, இடது லோயர் ஆர்ம் புஷ், வலது சக்கரப் பேரிங் ஆகிய மூன்றை மட்டும் மாற்றினார். பழைய டை ராடு எண்டை எத்தனை சுற்றில் கழற்றினாரோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றினார். நட்டுக்குப் புதிய காட்டர் பின் போட்டார். புஷ்ஷின் போல்ட்டை மட்டும் முழுவதும் இறுக்காமல் வைத்து, காரைத் தரையில் இறக்கி, நான்கு சக்கரத்திலும் நிற்கவைத்த பிறகு இறுக்கினார். எனக்குப் புரியவில்லை, கேட்டேன். "தொங்கும்போது முறுக்கிட்டா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும் சார். மறுபடி கிழிஞ்சிரும்" என்றார். பக்கத்துக் கடையில் அலைன்மெண்ட் முடித்துக்கொண்டு அன்று மாலையே வண்டி வீடு திரும்பியது. முதல் பட்டறையின் சீட்டில் இருந்த தொகையில் அது சிறு பகுதியே. இழுப்பு இல்லை; "டொக்"கும் "உய்ங்"கும் இல்லை. வலது புஷ்ஷை மட்டும் ஆறு மாதம் கழித்து மீண்டும் நெம்பிப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

முதல் பட்டறையில் கழற்றிய இரண்டு ஷாக் அப்சார்பர்களும் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றை எங்கள் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். சுருள்வில் நீக்கப்பட்ட தூண்கள் அவை. நிமிர்த்திப் பிடித்து, தண்டை இழுத்தும் தள்ளியும் பார்த்தோம். தேன் குப்பிக்குள் கரண்டியை இழுப்பது போல, இரண்டு பக்கமும் ஒரே சீரான எதிர்ப்பு. எங்கும் வெற்று ஓட்டம் இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. அலைவுத் தணிப்பு என்ற பாடம் வரும்போதெல்லாம் இப்போது அவற்றைத்தான் மேசை மீது வைக்கிறோம்.